செவுள் பார்க்காமல் வாங்கிய வரி

பகல் பன்னிரண்டு அடித்துச் சற்று நேரம் ஆனதும் அங்காளம்மா மீன் அரியும் அரிவாள்மனையின் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடுவார். பிளாஸ்டிக் குடத்தில் தனியாக வைத்திருக்கும் தண்ணீரில் முதலில் கை. பிறகு எலுமிச்சைத் தோலால் விரல் இடுக்குகள். மறுபடி கை, கடைசியாக முகம். முந்தானையில் துடைக்க மாட்டார். அதற்கென்று மடித்து வைத்திருக்கும் வெள்ளைத் துண்டு ஒன்று உண்டு. துடைத்ததும் எழுந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் திசையில் திரும்பி நிற்பார். உதடு மட்டும் அசையும். ஒரு நிமிஷம் ஆகாது. உட்கார்ந்து சாக்கை எடுத்துவிட்டு, "இன்னாம்மா, சங்கராவா? வா, இப்பதான் குளிச்சுட்டு வந்துகீது" என்பார்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், எதிர்ச் சாரித் தையல் கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்து பதினொரு வருஷமாக இதைப் பார்க்கிறேன். மழை என்றால் குடைக்குள் நிற்பார். கூட்டம் இருந்தால் காத்திருக்கச் சொல்லிவிட்டு நிற்பார். நின்றே தீருவார்.

பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் துரை என்று ஒருவர். அங்காளம்மாவை வம்புக்கு இழுக்காமல் அவருக்குச் சவாரி கிளம்பாது.

"யக்கோவ், ஈபிக்காரன் சாமிக்குக் கற்பூரம் ஏத்தலியா?"

"அது வடமேக்குடா. நான் பாக்கறது அதுக்கும் அப்பால, கடலு தாண்டி. நடுவுல டிரான்ஸ்பார்மர் நிக்குது, நான் இன்னா பண்ண? அதுக்கு முன்னால உன் ஓட்ட வண்டி வேற. பன்னண்டு மணிக்குக் கொஞ்சம் நவுத்தினா கொறஞ்சா பூடுவ?"

"சாமிக்கு ஆட்டோ மறைக்குமா? மறச்சா அது இன்னா சாமி?"

"சாமிக்கு மறைக்காதுடா. எனக்கு மறைக்குது."

துரை நகர்த்த மாட்டார். வரிசையில் முதல் இடம் அது, விட்டால் சவாரி போய்விடும். மஞ்சள் கூரைக்கு மேலே தெரிகிற கொஞ்சம் வானத்தைப் பார்த்து அங்காளம்மா நின்று முடிப்பார்.

அவர் பஹாய் மதத்தைச் சேர்ந்தவர். அந்த மதத்தை நிறுவியவர் அடங்கியிருக்கும் இடம் அந்தத் திசையில் எங்கோ இருக்கிறது. அதைப் பார்த்து நின்று தினம் ஒரு தொழுகை செய்வது அவர்கள் கடமை. எண்பதுகளில் அவருடைய குப்பத்துக்கு நாலைந்து பேர் வந்து பாடிப் பேசியிருக்கிறார்கள். எல்லாரும் கேட்டுவிட்டு எழுந்துபோக, இவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம்: "உங்க கோயில் பூசாரி மீன்காரிய உள்ள வுடுவாரா?" பூசாரியே கிடையாது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றார்களாம். "அப்பவே பேர எழுதிக்கோன்ட்டேன்" என்பார். அம்மன் பேரை மாற்றச் சொன்னார்களா என்று ஒருமுறை யாரோ கேட்டார்கள். "ஆத்தா வச்ச பேரு. அத மாத்தச் சொல்ற சாமி எனக்கு இன்னாத்துக்கு?" ஆடி மாதம் குப்பத்தில் கூழ் ஊற்றினால் முதல் ஆளாகச் சொம்போடு போவார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டை உருவம், காலில் வெடிப்பு, இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. ஈசிஆர் ஓரத்துக் குப்பத்திலிருந்து சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று பஸ் மாறி, கண்டக்டர்களிடம் திட்டு வாங்கி, எட்டு மணிக்குக் கூடையை இறக்குவார். வியாபாரத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். வாங்குகிறவர் கேட்காவிட்டாலும், ஒவ்வொரு மீனின் செவுளையும் கட்டைவிரலால் தூக்கிக் காட்டுவார். "பாத்துக்கோ. செவப்பு. அப்பால என்ன வந்து சொல்லாத." அவசரத்தில் இருக்கிறவர்கள், "சரிம்மா, போடு" என்றால் கோபம் வரும். "பாக்காம வாங்கினா மீன் மேல தப்பு இல்ல, கண்ணு மேல தப்பு."

எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மதத்திலோ காலையும் மாலையும் வேத வரிகளை ஓத வேண்டும் என்று இருக்கிறது. பூசாரி இல்லாத மதத்தில் படிப்பு இல்லாதவர் என்ன செய்வார்? அங்காளம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். நீல அட்டை போட்ட சின்னத் தமிழ்ப் புத்தகம் ஒன்று, பால் கவருக்குள் சுற்றி, குடைக் கம்பியில் தொங்கும். மீன் கையால் அவர் அதைத் தொடுவதில்லை. காலையில் யார் போணி பண்ணுகிறார்களோ, அவர்கள் புத்தகத்தை எடுத்து ஒரு வரி உரக்க வாசிக்க வேண்டும். அவர் மீனை அரிந்துகொண்டே கேட்பார். இரண்டாம் முறை வாசிக்கச் சொல்வார். மூன்றாம் முறை அவரே சொல்லிக் காட்டுவார். அன்றைக்கு முழுக்க அதுதான் அவர் வாயில். மாலைக்குக் குப்பத்தில் வேறு ஆள் வைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜாஸ்மின் நைட் டியூட்டி முடித்துப் போகும்போது அடிக்கடி போணி பண்ணுவார். முதல் தடவை தயங்கினார். "நான் கிறிஸ்டியன்மா. நான் படிக்கலாமா?"

"ஏன், உனுக்குத் தமிழ் தெரியாதா?"

இன்னொரு நாள் ஒருவர் காலையிலேயே தள்ளாடிக்கொண்டு வந்து நெத்திலி கேட்டார். அவரையும் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "படிக்கிறவன் குடிச்சுகிறான், சரி. எழுத்து குடிச்சுகீதா? நீ படி நைனா." அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு மிகத் தெளிவாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னிடமும் கேட்டிருக்கிறார். எட்டாவதோடு நின்றவள் நான், மனதுக்குள் படிப்பேன், ரோட்டில் உரக்கப் படிக்க எனக்கு வராது. "சரி, வுடு தையக்காரம்மா. வாய் வர்றப்ப வரட்டும்" என்று விட்டுவிட்டார்.

அவரிடம் ஐம்பது அறுபது வரிகளாவது மனப்பாடம் இருக்கும். அவற்றில் ஒரு வரிக்கு மட்டும் தனி இடம். கூடையைத் தலைக்கு ஏற்றும்போதெல்லாம் அதைச் சொல்வார்: "கடலில் போனவரும் என் கையில்தான் இருக்கிறார், நீ உன் கூடையைத் தூக்கு."

அந்த வரி வந்தது, சுனாமியில் கடல் பொங்கிய பிறகு. அங்காளம்மாவின் தம்பி ஏகநாதன் கடல் பொங்கிய அன்று காலை கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. பதினாறு நாள் முடிந்ததும் அங்காளம்மா மறுபடி கூடையோடு வந்துவிட்டார். ஆனால் வாங்க ஆளில்லை. அந்தக் கடல் மீனைத் தின்னக்கூடாது என்று ஊர் முழுக்கப் பேச்சு. போணி இல்லை என்றால் வரியும் இல்லை. ஒரு நாள் துரையைக் கூப்பிட்டார். "போணி இல்லடா. நீயாவது ஒரு வரி படி." துரை புத்தகத்தைத் திறந்து வாசித்த வரிதான் அது. அங்காளம்மா மீன் கையை மறந்து வாயைப் பொத்திக்கொண்டார். "கூடைன்னு சொல்லிகீது பாரு. எனுக்குன்னே எறக்கிகிறாரு." அன்றைக்கு மீன் ஒன்றுகூட விற்காமல் திரும்பிப்போனார். மறுநாளும் வந்தார்.

அந்த வரியைத் தம்பி மனைவி கனகவல்லியிடம் போய்ச் சொன்னார். சோறு இறங்காமல் கிடந்த கனகவல்லி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பிறகு எழுந்து உட்கார்ந்தார். இப்போது அவரும் கருவாடு விற்கிறார். கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே கிளார்க் தயாளன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஹாய்க்காரர்களின் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம். அங்கேயும் தன் முறை வரும்போதெல்லாம் அங்காளம்மா இந்த வரியைச் சொல்வார்.

மூன்று வருஷம் ஆயிற்று. போன டிசம்பரில் ஒரு காலை, பால் கவரோடு புத்தகத்தை எடுத்துவந்து என் மெஷின் மேல் வைத்தார். "தையக்காரம்மா, நீ நோட்டுல அளவு எழுதறது முத்து முத்தா கீது. என் வரிய ஒரு அட்டைல பெர்சா எழுதிக் குடு. தம்பி தெவசம் வருது. கனகவல்லி வூட்டுல மாட்டணும். பொஸ்தகத்தப் பாத்து எழுது, ஒரு எழுத்து மாறக்கூடாது."

வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேடினேன். கிடைக்கவில்லை. முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். கடல் இருந்தது, பல இடங்களில். கூடை எங்கேயும் இல்லை. பக்கம் கிழிந்திருக்கிறதா என்று எண்களைப் பார்த்தேன். கிழியவில்லை. மறுநாளும் தேடினேன். அங்காளம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்து, "ஆச்சா?" என்றார். இன்னும் இல்லை என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காக்கிச் சட்டையின் பாக்கெட் கிழிந்துவிட்டதென்று துரை கடைக்கு வந்தார். மெஷின் மேல் நீலப் புத்தகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வெற்று அட்டை, பேனா.

"இன்னாம்மா எழுதற?"

சொன்னேன். அந்த வரி இதில் இல்லை என்றும் சொன்னேன்.

துரை ஸ்டூலில் உட்கார்ந்தார். "எப்டி இருக்கும்? அது நான் சொன்னது."

அன்றைக்குப் புத்தகத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டது துன்பத்தைப் பற்றிய ஒரு வரி. வருகிற துன்பமும் ஒரு கொடைதான் என்கிற மாதிரி. "தம்பியப் பொதச்சுட்டு வந்து குந்திகினு கீது. அதுங்கிட்ட போய் அத எப்டிம்மா படிக்கறது? எனுக்கு வாய் வர்ல. பொஸ்தகத்தப் பாத்துகினே வாய்ல வந்தத சொல்லிட்டேன். கூடைன்னு சொன்னப்பவே மாட்டிக்கினேன்னு நெனச்சேன். அது கண்ண மூடிகினு வாங்கிக்கிச்சு. அப்பால எப்டி சொல்றது? நாளாவ நாளாவ பேஜாராப் பூடுச்சு." சட்டையைத் தைக்கக் கொடுக்காமலே எழுந்தார். "நீயே சொல்லிடும்மா."

நான் வெற்று அட்டையையும் பேனாவையும் எடுத்து ஓரமாக வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவரே, "சரி, நானே போறேன்" என்றார். ஆனால் அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் போனார். பன்னிரண்டு மணித் தொழுகை முடிந்து அங்காளம்மா சாக்கை எடுக்கும் நேரம். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கூடவே போனேன். துரை அங்காளம்மாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழே பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

அங்காளம்மா ஒரு வவ்வால் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அப்போ அது அவுரு சொன்னது இல்ல."

"இல்லக்கா."

"நீ சொன்னது."

"ஆமாக்கா."

"மூணு வருசமா உன் பேச்ச, அவுரு பேச்சுன்னு நான் ஊரெல்லாம் வித்துகினு கீறேன்."

"உன்ன ஏமாத்தணும்னு இல்லக்கா..."

"தெரியும். சும்மா இரு." மீனைத் திருப்பிப் போட்டார். செவுளைத் தூக்கிப் பார்த்தார், யாரும் கேட்காமலே. "உன்னச் சொல்லல. செவப்பாத்தான் இருந்துச்சு. தொறந்து பாக்காம வாங்கினேன் பாரு, அது என் கண்ணு மேல தப்பு."

துரை மீன் கேட்டபோது, "இன்னிக்கு உனுக்கு இல்ல" என்றார். கூடையைத் தலைக்கு ஏற்றும்போது வழக்கமான வரி வாய்வரை வந்து நின்றதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு போனார்.

உண்மையைச் சொல்ல அவர் முன்னால் இரண்டு இடம் இருந்தது. ஒன்று தயாளன் வீடு. இன்னொன்று கனகவல்லி வீடு. முதல் இடத்தில் வெட்கம்தான் போகும். இரண்டாவது இடத்தில், எழுந்து உட்கார்ந்த ஒருத்தி மறுபடி படுத்துவிடக்கூடும். "சொல்லாம வுட்டா இன்னா?" என்று ஜாஸ்மின் கேட்டார். "பாவம், அவங்க அதப் புடிச்சுதான் நிக்கிறாங்க."

"நர்சம்மா, ஊசி மாத்திப் போட்டுட்ட. ஆளு நல்லாகீறான். நோட்டுல மாத்தி எழுதுவியா?"

ஜாஸ்மின் எழுத மாட்டேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "சாட்சிக்கு வா. பேசவாணாம், குந்திகினு இரு." தயாளன் வீட்டு ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள். பாய், பிளாஸ்டிக் நாற்காலி, தட்டில் முறுக்கு. ஒவ்வொருவராக வாசித்தார்கள். தன் முறை வந்ததும் அங்காளம்மா எழுந்து நின்றார்.

"நான் இங்க சொல்லிகினு இருந்த வரி பொஸ்தகத்துல இல்ல. ஆட்டோக்கார துரை என் மேல எரக்கப்பட்டு சொன்னது. வேதம்னு நெனச்சு யாராச்சும் மனசுல வச்சிருந்தா எடுத்துடுங்க. தப்பு என்னுது."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. தயாளன்தான் பேசினார். மெதுவாகப் பேசுகிற மனிதர். "அக்கா, இதுல நெறைய வசனம் எப்படி வந்துதுன்னு தெரியுமா? நம்பினவங்க மதத்தை நிறுவினவருக்கு லெட்டர் போட்டுக் கேட்டாங்க. அதுக்குப் பதிலா வந்தது. அவர் சொல்லச் சொல்ல ஒருத்தர் வேகமா எழுதுவார். அப்புறம் அதைத் திருத்தமா பிரதி எடுத்து, சரிபார்த்து, இன்னொருத்தர் மாசக்கணக்கா நடந்தே எடுத்துட்டுப் போய்க் குடுப்பார். நடுவுல யாரும் ஒரு வார்த்தைகூடச் சேர்த்ததில்லை. நீங்க இப்ப பண்ணினதும் அந்தச் சரிபார்க்கிற வேலைதான்."

அங்காளம்மா நின்றபடியே கேட்டார். "அப்போ கேக்கறவன் இல்லன்னா பதிலு வந்திருக்காது."

"வந்திருக்காதுன்னு சொல்ல முடியாது. ஆனா அவங்க கேட்டாங்க, வந்துது."

"தூக்கினு போறவன் இல்லன்னா எட்டியிருக்காது."

"ஆமா."

"தூக்கறதுதான் என் வேல. கடல்ல இருந்து வர்ற மீனுக்கு நான் வாலு ஒட்டக்கூடாது. அவ்ளோதானே?" என்று உட்கார்ந்து முறுக்கை எடுத்துக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில், "ஒரு எடம் ஆச்சு" என்றார்.

கனகவல்லி வீட்டுக்குத் திவசத்தன்று போனார். மறுநாள் வந்து, கூடையை இறக்கியதும் இறக்காததுமாக ரோட்டைத் தாண்டி என் கடைக்கே வந்துவிட்டார்.

"சொல்ட்டேன். சாமி சொல்லலடி, ஒரு ஆட்டோக்காரன் சொன்னதுன்னேன். கருவாட்டுக் கூடைய ஓரமா நவுத்தி வச்சா. அப்பால கேக்கறா, 'அவன் உனுக்கு இன்னா ஒறவு?' ஒறவெல்லாம் இல்ல, தெனம் என்ன வம்புக்கு இசுக்கறவன்னேன். 'ஒறவு இல்லாதவன் இன்னாத்துக்குச் சொன்னான்?'னா. நான் அழுவேன்னு பாத்து சொல்லிகிறான்னேன். 'அவ்ளோ பேர் வந்து போனாங்க, ஒருத்தன் வாய்லயும் வர்ல. அவனுக்கு வந்துகீது. சாமி பேர வச்சு மாட்டாத. அவன் பேரப் போட்டு மாட்டு'ன்றா." அங்காளம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, மீன் கை என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டார். "எழுதிக் குடு தையக்காரம்மா. பொஸ்தகத்துல இருந்து ஒண்ணு தனி அட்டைல எழுது, நல்லதாப் பாத்து. இது தனி அட்டை. ரெண்டும் ஒண்ணா இருக்கக்கூடாது."

எழுதினேன். ஒரு வாரம் கழித்து அந்த அட்டைகள் அங்காளம்மாவோடு பஸ் ஏறிப்போயின. துரையின் அட்டையில் வரிக்குக் கீழே, அங்காளம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: துரை, ராஜகீழ்ப்பாக்கம் ஆட்டோ ஸ்டாண்டு. துரைக்குக் காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, "வண்டி நம்பரும் போட்டிருக்கலாம்" என்றார்.

இப்போது நீலப் புத்தகத்துக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறது. போணி பண்ணுகிறவர் ஒரு வரி வாசித்தால் போதாது. அடுத்து நிற்கிறவர் அதே வரியைப் பார்த்து வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அங்காளம்மா மனதுக்குள் வாங்கிக்கொள்வார். "வசனத்துக்கும் செவுள் பாக்கணும்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறார். இரண்டாவது ஆள் இல்லாத நாள்களில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிறார். நான் போய் வாசித்துவிட்டு வருகிறேன். குரல் இன்னும் சின்னதாகத்தான் வருகிறது. கூடையைத் தூக்கும்போது அவர் சொல்வது புத்தகத்தில் இருக்கிற வேறு வரி. எப்போதாவது, மீன் மிஞ்சிப்போன நாளில், பழைய வரியையும் சொல்வார். "துரை சொன்ன மாதிரி" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்வார்.

துரையின் வம்பு நிற்கவில்லை. நேற்றுக்கூட, "யக்கோவ், உங்க சாமிக்கு கரண்ட் பில் கட்டியாச்சா?" என்றார். அவருக்கு மீன் கிடைக்கிறது, செவுள் காட்டிய பிறகு.

பன்னிரண்டு மணிக்கு அங்காளம்மா எலுமிச்சைத் தோலைக் கையில் எடுத்ததும், துரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கையாலேயே தள்ளிக்கொண்டு போய்ப் பத்தடி தள்ளி நிறுத்துகிறார். வரிசையில் அவருடைய முதல் இடம் அந்த ஒரு நிமிஷம் காலியாகக் கிடக்கிறது. வேறு யாரும் அதில் வண்டியை விடுவதில்லை.